மாடியில் ஒரு துரை

இங்கன உக்காருங்க சார், வெயில் வராது. செருப்ப அந்த ஓரமா விடுங்க. இந்தாங்க டோக்கன், தொலச்சிராதிய. உங்க வீட்டம்மா போன கூட்டம் வெளிய வர அர மணி நேரமாவது ஆகும். எம் மேல கோவப்பட்டுப் பிரயோசனம் கிடையாது. மேல மரத் தளம். ஒரு தடவைக்குப் பத்துப் பேருதான் ஏறணும்னு இஞ்சினியரு எழுதிக் குடுத்திருக்காவ. இன்னைக்குப் பதினோராவது ஆளு நீங்களாப் போயிட்டிய. அதுக்கு நான் என்ன செய்ய?

கடலுக்கு வந்தியளா? எல்லாரும் அதுக்குத்தான வாறாவ. காலையில முத்துத்துறையில காலு நனைக்க வேண்டியது, வெயில் ஏறினதும் என்ன செய்யனு தெரியாம முழிக்க வேண்டியது. ஆட்டோக்காரன் ஒடனே, வாங்க, சுத்தி மூணு அரண்மனை இருக்கு, காட்டுதேன்னு ஏத்திருவான். மொதல்ல தோணிக்கார முதலாளி மாளிகை. அங்கன எங்க திரும்புனாலும் நெலக்கண்ணாடி, நம்ம மூஞ்சிய நாமளே பாத்துட்டு வரணும். பெறவு கலெக்டர் தொர பங்களா. அதுல வவ்வாலு தவிர ஒண்ணும் கிடையாது. கடைசியாத்தான் இந்தக் கருங்காட்டூர் சின்ன அரண்மனை. கடைசியா வந்தாலும் ஊருக்குப் போற சனத்துக்கு இதுதான் மனசுல நிக்கும். நின்னுச்சு. இப்ப நிக்கல. ஏன் நிக்கலனு கேளுங்க. கேக்காட்டாலும் சொல்லுவேன், உங்களுக்கும் பொழுது போகணும்லா.

உள்ள கூட்டிட்டுப் போயிக் காட்டுதாளே, ஊதாச் சேலை, அவ எம் பொண்டாட்டி. பேரு வெயிலுகந்தா. எம் பேரு குத்தாலிங்கம். ரெண்டு பேரும் இந்த வேலைக்கு வந்து பதினாலு வருசமாச்சு. அதுக்கு முன்ன நான் உப்பளத்துல கெடந்து வெந்தேன். ஜமீன் ஆளுக எல்லாம் மெட்ராஸுக்குப் போயிட்டாவ. வாசல் உனக்கு, உள்ள அவளுக்குனு பிரிச்சுக் குடுத்தாவ. பின்னால ஓட்டு வீடு ஒண்ணு குடுத்திருக்காவ, அதுலதான் குடியிருக்கோம். நல்லாத்தான் இருந்தோம் சார். அஞ்சு வருசத்துக்கு முன்ன பரண்ல கெடந்த ஒரு படத்த எறக்கி மாடிச் சொவத்துல மாட்டுத வரைக்கும் நல்லாத்தான் இருந்தோம்.

படம்னா பெரிய படம், ஆள் ஒசரம். சின்ன ராசா சிவசைலத் துரை. நூறு வருசத்துக்கு முன்னால செத்தவரு. இருவத்தாறு வயசு. நாற்காலியில உக்காந்து, முழங்காலு மேல சால்வையப் போத்திக்கிட்டு, பென்சிலால கோடு கிழிச்ச மாதிரி ஒரு மீச. கண்ணு மட்டும் நம்மளயே பாக்கும். எங்க நின்னாலும் பாக்கும். என்னைய மட்டும் பாக்காது. நான் நின்னா என்னையத் தாண்டி அவளப் பாக்கும்.

சிரிக்காதிய. படத்து மேல ஒருத்தனுக்குப் பொறாம வருமானு கேப்பிய. வரும். செத்தவன் மேலதான் அதிகமா வரும். உசிரோட இருக்கவன்னா ரெண்டு அடி அடிச்சிட்டுப் போயிரலாம். இவன என்ன செய்ய?

காலையில எந்திச்சதும் மெத்துனு ஒரு துணிய எடுத்துட்டு மேல போவா. அவன் நெத்தியத் தொடப்பா, மீசையத் தொடப்பா, சட்டத்துல ரெண்டு செவ்வந்திப் பூவச் சொருவுவா. எஞ் சட்டையில பித்தான் போயி மூணு நாளா ஊக்கு குத்திட்டு நிக்கேன், அது கண்ணுக்குத் தெரியாது. சரி, வேலதான, போகட்டும்னு விட்டேன்.

ஒரு நா ஒரு அம்மா குடைய விட்டுட்டு மேல போயிட்டாவ. அதக் குடுப்போம்னு நான் ஏறினேன். கதவுக்கு இந்தப் பக்கம் நிக்கேன். இவ கத சொல்லிட்டு இருக்கா.

"கார்த்திக மாசம். விடாத மழ. ஓடை பொங்கி வருது. ராணிக்கு நெறமாசம், இடுப்பு வலி கண்டிருச்சு. மருத்துவச்சி அக்கரையில இருக்கா. பல்லாக்குத் தூக்க ஒரு ஆள் வரல. இவுக என்ன செஞ்சாக தெரியுமா? வேட்டிய வரிஞ்சு கட்டி, ராணியத் தோள்ல ஏத்திக்கிட்டு, நெஞ்சளவுத் தண்ணியில எறங்கிட்டாக. அக்கர போயிச் சேந்தப்ப ராணியோட பாதத்துல ஒரு சொட்டு ஈரம் இல்ல."

பத்துப் பேரும் மூக்கச் சிந்துதாவ. எனக்கு வயிறு எரியுது.

தொண்ணூத்திரெண்டு வெள்ளத்துல நானுந்தான் சார் இவளத் தூக்கிட்டு உப்போடையத் தாண்டினேன். எங்க மக பொறந்தது அன்னைக்குத்தான். வலி கண்ட பொண்டாட்டிய எவனா இருந்தாலும் தூக்கத்தான் செய்வான், கரையில போட்டுட்டா வருவான்? அத இவ ஒரு நாளு, ஒரு ஆள்கிட்ட, வாய் தொறந்து சொல்லியிருப்பாளா? ராசா தூக்கினா காவியம், குத்தாலிங்கம் தூக்கினா சொமை.

அன்னையில இருந்து எனக்கு இருப்புக் கொள்ளல. ஏதாவது சாக்க வச்சு மேல போறதும், கதவோரம் நின்னு கேக்கதுமா ஆயிப்போச்சு. தெனமும் ஒரு கத. ராணிக்கு மீனுன்னா உசிராம். மாமியா சைவமாம், வீட்டுக்குள்ள மீன் வாட வரக் கூடாதாம். இவரு விடியக்காலம் கடற்கரைக்கு நடந்து போயி, சாளை வாங்கி, மடியில ஒளிச்சுக் கொண்டாந்து, தோட்டத்துல வச்சுச் சுட்டுக் குடுப்பாராம். கேட்டியளா? ஜமீன்தாரு போயிச் சாளை வாங்குவானா? நெய்மீன் வாங்கக் காசா இல்ல? எங்க அம்மா சைவம், நானுந்தான் ஒளிச்சுக் கொண்டாந்து குடுத்தேன். சாளைக்கு மேல வாங்க அன்னைக்கு எங்கிட்ட வக்கில்ல. இவனுக்கு என்ன கேடு?

இன்னொண்ணு கேளுங்க. ராணி கஞ்சி வடிக்கையில கை வெந்து போச்சாம். ராசா ஒரு மாசம் அவளுக்குத் தல சீவிச் சடை பின்னி விட்டாராம். ராணி என்னத்துக்குக் கஞ்சி வடிக்கா? அரண்மனையில சமையலுக்கு ஆளா இல்ல? அதக் கூட ஒருத்தரும் கேக்கல சார். அழுதுக்கிட்டு கேக்காவ. சடை பின்னுதது ஒரு பெரிய வித்தையா? எனக்குந்தான் மூணு கால் சடை பின்னத் தெரியும். இவளுக்குக் கை பொசுங்கினப்ப படிச்சது. நான் தம்பட்டம் அடிச்சுக்கிட்டா திரியுதேன்?

வீட்டுக்கு வந்தாலும் எனக்குப் பேச்சு ஓடல. சோத்தப் போடுவா, திம்பேன். "என்ன, ஒண்ணும் பேச மாட்டேங்கிய"னு கேப்பா. நான் எதுக்குப் பேசணும்? பேசதுக்குத்தான் மேல ஒருத்தன் இருக்காம்லா! சத்தம் போடல, சண்ட போடல, கையோங்கல. பேசல, அம்புட்டுத்தான். பேசாம இருக்கது ஒரு தப்பா?

அப்பத்தான் எனக்கு அந்தப் புத்தி வந்துச்சு. கூட்டம் மேல போறதுக்கு முன்னால அர மணி நேரம் யாருகிட்ட இருக்கு? எங்கிட்ட. இந்த பெஞ்சுல, இப்ப நீங்க இருக்கியளே, இதே எடத்துல. நான் பைய ஆரம்பிச்சேன். "மேல ஒரு படம் இருக்கும் பாருங்க, நல்லாப் பாருங்க, பாத்தாத் தெரியாது. பெரிய குடிகாரன். பொண்டாட்டிய அடிச்சுக் கெணத்துல தள்ளிட்டான்."

சொல்லும்போது தேனாத்தான் இருந்துச்சு. மறைக்க என்ன இருக்கு? அன்னைக்கு ராத்திரி நல்லா ஒறங்கினேன்.

மறுநாள்ல இருந்து மேல போறவிய அவ கத ஆரம்பிக்க முன்னாலயே, "ஏம்மா, இவருதான கொலகாரரு?"னு கேக்க ஆரம்பிச்சிட்டாவ. அவ வந்து எங்கிட்ட நிக்கா. "இங்கேருங்க, வெளிய யாரோ துரையப் பத்தி இல்லாததும் பொல்லாததும் சொல்லுதாவ. ஆட்டோக்காரப் பயலுவளாத்தான் இருக்கும். கொஞ்சம் யாருனு பாருங்க."

"பாக்கேன்"னேன்.

எம் மேல அவளுக்குச் சந்தேகமே வரல பாத்துக்கிடுங்க. அதுலயும் எனக்கு வருத்தந்தான். அவனுக்காக எங்கிட்ட வந்து சிபாரிசு!

ஆனா நான் நெனச்சதுக்கு நேர் மாறா ஆகிப்போச்சு. எவனோ ஒரு பய கெணத்துக் கதைய போன்ல எழுதிப் போட்டுட்டான். கருங்காட்டூர் பேய் அரண்மனையாம்! சனம் கெணத்தப் பாக்க வேன் பிடிச்சு வருது. இங்க கெணறே கிடையாது சார். சொன்னாக் கேக்காவளா? பின்னால இருக்க தண்ணித் தொட்டியப் போட்டோ எடுத்துட்டுப் போறாவ. ஒரு பொண்ணு அந்தத் தொட்டியில ஏதோ மொனகல் கேட்டுச்சுனு மயங்கியே விழுந்துட்டா. அது எங்க மோட்டாரு. வேலியில போன ஓணானப் பிடிச்சு வேட்டிக்குள்ள விட்ட கதைதான்.

அந்த எழுத்து மெட்ராஸு வரைக்கும் போயி, ஜமீன்ல இருந்து கோமதி நாச்சியார் அம்மா கெளம்பி வந்துட்டாவ. துரைக்குப் பேத்தி மொற. காலேஜுல பாடம் நடத்துதவிய, கண்ணாடியக் கழட்டிட்டுப் பாத்தாலே நாம பள்ளிக்கொடத்துப் பிள்ள மாதிரி எந்திச்சு நின்னுருவோம். எங்க ரெண்டு பேரையும் மாடிக்குக் கூப்பிட்டு, அந்தப் படத்துக்கு முன்னால நிறுத்தினாவ. மூணு வருசம் ஆச்சு. நான் கடைசியா மாடி ஏறினது அன்னைக்குத்தான்.

"கெணத்துல தள்ளினார்னு சொன்னது யாரு?"

நான் தலையக் குனிஞ்சிட்டேன். வெயிலுகந்தா அப்படியே திரும்பி என்னையப் பாத்தா. அத விடுங்க.

"தோள்ல தூக்கிட்டு ஓடையக் கடந்தார்னு சொன்னது யாரு?"

"நாந்தாம்மா"னா இவ.

அந்த அம்மா படத்துல இருந்த சால்வைய வெரலால காட்டினாவ. பெறவு, "எங்க சின்னத் தாத்தாவுக்கு எட்டு வயசுல இளம்பிள்ளை வாதம் வந்துச்சு. ரெண்டு காலும் சூம்பிப் போச்சு. அதை மறைக்கத்தான் அந்தச் சால்வை. அவர் தன் காலால ஒரு அடி நடந்தது கிடையாது. கல்யாணமே ஆகலை. அவர் யாரைத் தூக்கினார்? யாரைத் தள்ளினார்?"னு கேட்டாவ.

எனக்கு ஒரு நிமிசம் சந்தோசந்தான் சார், பொய் சொல்ல மாட்டேன். ஏலே, நடக்கவே மாட்டாதவனா நீ! உன்னையவா நான் இம்புட்டு நாளும்!

அந்த அம்மா இவகிட்ட, "அப்ப இந்தக் கதையெல்லாம் உனக்கு யாரும்மா சொன்னா?"னாவ. இவ சேல முந்தியப் பிடிச்சு முறுக்கிட்டே நிக்கா. அவிய இவளப் பாத்தாவ, என்னையப் பாத்தாவ, மறுபடி இவளப் பாத்தாவ. "உன் வீட்டுல நடந்ததை எல்லாம் எடுத்து எங்க தாத்தா தலையில வச்சிட்டியா?"னு கேட்டாவ. கோவமா இல்ல. மெதுவாத்தான் கேட்டாவ.

அப்பத்தான் எம் மண்டையில ஏறிச்சு. ஓடை, சாளை, சடை. அம்புட்டும் நான்.

இத நீங்களா இருந்தா மொதல்லயே கண்டுபிடிச்சிருப்பிய, இல்லா? உங்க மூஞ்சியப் பாத்தாத் தெரியுது, நான் சொல்லச் சொல்லவே உங்களுக்குப் புரிஞ்சிருச்சு. எனக்கு எப்படிப் புரியும்? நான் அவனப் பாத்துட்டுல்லா நின்னேன்.

அன்னைக்குச் சாயங்காலம் நான் என்ன செஞ்சிருக்கணும்? நீங்களே சொல்லுங்க. அவ கையப் பிடிச்சு ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும். நான் என்ன கேட்டேன் தெரியுமா? "ஏட்டி, தூக்கினவன் நான், பேரு அவனுக்கா? நாலு சனத்துக்கு முன்னால எம் பேரச் சொல்ல உனக்கு என்ன கொறச்சலு?"னு கேட்டேன்.

அவ அடுப்பப் பாத்துக்கிட்டே சொன்னா: "உங்க பேரச் சொன்னா எவ நம்புவா? உள்ள வாற ஒவ்வொருத்தரும் வாசல்ல உங்களப் பாத்துட்டுல்லா வாறாவ."

அதுவும் நியாயந்தான். அஞ்சு வருசமா வாறவிய மேல சள்ளு சள்ளுனு விழுந்துட்டு, இந்த பெஞ்சுல மொறச்சுக்கிட்டு இருக்கவன் ஒரு காலத்துல பொண்டாட்டிக்குச் சடை பின்னினாம்னு சொன்னா, நானே நம்ப மாட்டேன்.

மறுநாள் கோமதி நாச்சியார் அம்மா ஒரு தாளு அச்சடிச்சுக் குடுத்துட்டுப் போனாவ. அதுல உள்ளத மட்டுந்தான் சொல்லணும். அவ கிளிப்பிள்ளை மாதிரி அதச் சொல்லுதா. இது தர்பார் மண்டபம், நீளம் அறுவது அடி. இது தேக்கு, பர்மாவுல இருந்து வந்தது. இது சிவசைலத் துரை, இத்தனையாம் ஆண்டு பொறந்தாரு, இத்தனையாம் ஆண்டு எறந்தாரு. அடுத்த அறைக்கு வாங்க. மூணு வருசமா இதான். ஒருத்தரும் அழல. வந்த சனம் வந்த மாதிரியே எறங்கி வந்து, மூத்திரம் போக எடம் எங்க இருக்குனு எங்கிட்ட கேட்டுட்டுப் போகுது. வீட்டுலயும் அதே தாளுதான். உப்பு தீந்துட்டு, மக போன் பண்ணினா, நாளைக்கு லீவு. அவ்வளவுதான்.

துரை மேல இப்ப எனக்கு ஒண்ணும் கிடையாது சார். பாவம், நடக்க மாட்டாதவரு. எனக்கு இப்ப எரியுதது வேற ஒருத்தன் மேல. அந்தத் தொண்ணூத்திரெண்டாம் வருசத்துப் பய இருக்காம்லா, கையில ஓட்டாஞ்சல்லி இல்லாத பய, உப்பளத்துப் பய, அவன் மேல. அவனத்தான அவ தெனமும் தொடச்சா? அவனுக்குத்தான பூ வச்சா? அவன் பேர எங்கிட்ட இருந்து மறைச்சு, செத்துப் போன ராசா பேருல வச்சுல்லா அவனக் கொண்டாடியிருக்கா! ஒரே வீட்டுக்குள்ள, ஒரே சோத்தத் தின்னுக்கிட்டு, அவன் அங்க மாடியில ராசாவா இருக்கான், நான் இங்க செருப்புக்குக் காவல். வயிறு எரியாதா? நீங்க சொல்லுங்க.

என்னது? நான் மேல போயி அவகிட்டப் பேசணுமா? நல்லாச் சொன்னிய. வாசலை யாரு பாக்க? மூட்டு வேற வலிக்கி. போயி என்னத்தச் சொல்ல? அவளே வரட்டும். நான் இங்கனதான இருக்கேன், எங்க ஓடியா போயிட்டேன்?

இந்தா, வந்துட்டாவ பாருங்க. உங்க கூட்டம் எறங்கிட்டு. வாங்கம்மா, உங்க சாரு இங்கனதான் பத்திரமா இருக்காவ. ஏம்மா, கண்ணெல்லாம் செவந்திருக்கு? தூசி விழுந்துட்டா? வவ்வாலு கிவ்வாலு ஏதும்...

என்னம்மா கேக்கிய?

எந்த ராசா? மூணு வருசமா மாடி ஏறலியா? யாரு சொன்னா? உள்ள அவ சொன்னாளா? தாள்ல இருந்து படிச்சாளா, வாயாலயே சொன்னாளா? வாயாலயேவா? சரியாச் சொல்லுங்கம்மா. ராணி மேல நிக்காளாம். ராசா கீழயே உக்காந்து கெடக்காராம். தெனமும் ஒவ்வொரு கூட்டம் படியேறி வரையிலயும், இதுல அவரு காலடிச் சத்தம் இருக்கானு ராணி காது குடுத்துக் கேப்பாளாம். ம். பெறவு?

கேட்டியளா சார்? இத மாதிரி ஒரு கல்நெஞ்சன் உண்டுமா? பொண்டாட்டி மேல நின்னு காத்துக் கெடக்கா, இந்த மூதிக்கு நாலு படி ஏறி வர முடியலியாம்! ராசாவா இருந்தா என்ன, எவனா இருந்தா என்ன, அப்படி என்ன ஒரு...

என்னம்மா? கடைசியில ராசா ஏறினாரா இல்லியானு நீங்களே கேட்டியளா? அதுக்கு என்ன சொன்னா? இன்னொரு தடவ சொல்லுங்க.

"அதக் கீழ வாசல்லதான் கேக்கணும்"னா சொன்னா?

சார், இந்த டோக்கன் டப்பாவக் கொஞ்சம் பிடிங்க. சும்மா மடியில வச்சுக்கிடுங்க போதும். உங்க கூட்டத்தக் கொஞ்சம் பொறுத்து விடுதேன், வீட்டம்மாவும் ஒக்காரட்டும். ஆமா, மூட்டு வலிதான், அது கெடக்கு. யாராவது வந்து கேட்டா, வாசல்ல இருந்த ஆளு மேல போயிருக்காம்னு சொல்லுங்க.